மூன்றாம் ஓலைக்கு முன்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், லெந்து, தொடங்கிவிட்டது. ஆலய வாசலில் எல்லோரும் எதை எதை விடுகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வயலட் அக்கா சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாளாம். என்னைக் கேட்டபோது கறி, மீன், காபி என்றேன். விடாமல் வைத்திருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால் மனது கலங்காமல் இருக்கும்.

என் மகள் கெசியாவுக்கும் ஆல்வின் என்ற பையனுக்கும் நிச்சயமாகி, ஜனவரியில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இவர்கள் சேரத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

கெசியாவுக்குப் பதின்மூன்று வயதில் வலிப்பு வந்தது. மாத்திரையில் அடங்கி, பல வருஷமாக ஒன்றுமில்லை. இது எங்கள் இருவரையும் டாக்டரையும் தவிர ஒரே ஒருத்திக்குத் தெரியும். வயலட் அக்கா. அவள் என் ஜெபத்துணை. பெண்கள் சங்கத்தில் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தியின் பாரத்தை மற்றவள் சுமந்து ஜெபிக்க வேண்டும், வெளியே சொல்லக்கூடாது.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று மாலைக் கூட்டத்தில், அவள் முறை வந்ததும் கையை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, எங்க கெசியாவ இத்தன வருசமா வலிப்பு வராம காத்தீரே, மணவறையிலயும் ஒண்ணும் வராம காத்துக்கிடும்." அறை முழுக்க ஆமென் என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் ஆல்வினின் அத்தை.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

லெந்துக்கால வீட்டு ஜெபம் இன்று தொடங்கியது. வெள்ளிதோறும் ஒரு வீடு. வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராக வாய் திறந்து ஜெபிக்க வேண்டும். என் பக்கத்தில்தான் வயலட் அக்கா. நான் சிரித்தேன், தலைவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அவள் முறை வந்ததும் தொண்டையைச் செருமிவிட்டு, "அடுத்தவங்க ஜெபிங்க" என்றாள். நடந்ததற்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றாத அகம்பாவம் வேறென்ன செய்யும்?

சுண்டல் சாப்பிடும்போது விஷயம் வந்தது. அவள் மகன் டைட்டஸுக்கும் எங்கள் சங்கத்துக் கிளாடிஸின் மகள் ஷைனிக்கும் பேசி முடித்தாயிற்று. ஈஸ்டர் கழிந்து முதல் ஓலை.

டைட்டஸ் போன வருஷம் பூனாவில் டிரெய்னிங்கில் இருந்ததாகத்தான் சபை முழுக்கப் பேச்சு. அவன் இருந்தது குடியை நிறுத்தும் மறுவாழ்வு மையத்தில். என் ஜெபத்துணை என் மடியில் முகத்தை வைத்து அழுதுகொண்டே சொன்னது அது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

லெந்தின் கடைசி வெள்ளி ஜெபம் கிளாடிஸ் வீட்டில்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. ஒரு பிள்ளை அமிலத்தைத் தண்ணீர் என்று எழுதிய புட்டியில் ஊற்றி வைத்திருந்தாள். எல்லோர் முன்னும் திட்டினேன். "புட்டி மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு இருந்தா ஆளே போயிரும்." அவள் அழுதுவிட்டாள். இருபது வருஷத்தில் என் ஆய்வகத்தில் ஒரு விபத்து நடந்ததில்லை.

பிள்ளைகள் பியூரெட்டைத் திறந்து கீழே குடுவையில் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை விட்டாலும் நிறம் மாறாது. கடைசியில் ஒரு சொட்டு. மொத்தமும் இளஞ்சிவப்பாகிவிடும். பொறுமைதான் வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

மாவு அரைத்தேன். ஜன்னல் துடைத்தேன். கெசியாவின் மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, ஆரஞ்சு மூடி போட்ட விட்டமின் புட்டியில் நிரப்பினேன். நிச்சயம் முடிந்ததிலிருந்து அப்படித்தான். கட்டிக்கொண்டுபோகிற வீட்டில் யார் பார்த்தாலும் சத்து மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள்.

"இன்னும் எதுக்கும்மா இது? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே" என்றாள்.

"அடுத்த வரன் வராமலா போயிரும்?"

"வந்தா நானே சொல்லிருதேன். அப்பவே சொல்லிருவோம்னு சொன்னேன்லா. நீங்கதான், நான் பாத்துக்கிடுதேன், நீ சும்மா இருன்னு சொன்னிய."

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வயலட் வாயத் தொறக்காம இருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்" என்றாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைக் கட்டிக்கொண்டு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து வாடகை, படிப்பு, மருந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

மார்ச் 6, வெள்ளி

ஜெபம் முடிந்து வந்து தோசை ஊற்றும்போது வாக்கியம் தானாக அமைந்தது. வயலட் அக்கா அன்று ஜெபித்த வாக்கியத்தின் அச்சிலேயே வார்த்தேன்.

"ஆண்டவரே, டைட்டஸ் தம்பிய மறுவாழ்வு மையத்துல இருந்து மீட்டுக் கொண்டுவந்தீரே, ஷைனியக் கைப்பிடிக்கிற நாளுல அந்தக் குடி திரும்பி வராம காத்துக்கிடும்."

இதில் ஒரு பொய் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. உருக்கமான ஜெபம் என்றுகூடச் சொல்வார்கள். தோசை ஒன்று தீய்ந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

பரீட்சை மேற்பார்வை. மூன்று மணி நேரம் நின்று கால் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் எனக்கும் ஒரு விட்டமின் புட்டி வாங்கினேன். அதே கம்பெனி, கொஞ்சம் மலிவு.

மார்ச் 12, வியாழன்

வாக்கியத்தைச் சுருக்கினேன். சுருக்கமாக இருந்தால்தான் ஆமென் ஒன்றுசேர்ந்து வரும்.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் வயலட் அக்கா வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம் அவள் தொடங்கினால் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிடும் என்று கேலி செய்வோம். கிளாடிஸ் இன்று அவளைச் சீண்டினாள். "என்ன சம்பந்தி, கல்யாணச் செலவ நெனச்சு வாய் அடைச்சுப் போச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மெலிந்திருக்கிறாள். நல்லது.

மார்ச் 17, செவ்வாய்

கெசியாவுக்கு வந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

நேற்றுக் காலை குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரை வீணாக்காதே என்று அடுக்களையிலிருந்து இரண்டு தடவை சத்தம் போட்டேன். பதில் இல்லை. நல்லவேளையாகத் தாழ் போடவில்லை. கீழே கிடந்தாள். நெற்றி கிழிந்து ரத்தம் தண்ணீரோடு ஓடியது. உடம்பு விறைத்து வெட்டிக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்குக் கீழே துண்டு வைத்தேன். செய்ய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும். ஆட்டோவில் மறுபடியும் வந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். "நான் பாத்துக்கிடுதேன், எனக்கு இவளப் பத்தித் தெரியும்" என்று யார் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். ஒரு சின்ன வயசு நர்ஸ் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "நீங்க வெளிய இருங்கம்மா. பாத்துக்கிட இங்க ஆளு இருக்கு."

கதவு மூடிக்கொண்டது.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். இதை எழுதத்தான் வேண்டும். ஆண்டவரே என்று தொடங்கினேன். அடுத்து வந்தது டைட்டஸின் பெயர். மறுபடி தொடங்கினேன். ஆண்டவரே, டைட்டஸ் தம்பிய. மறுபடியும் அதுவே. அடுப்பு முன்னாலும் பஸ்ஸிலும் பரீட்சை அறையிலும் சொல்லிச் சொல்லி, அந்த ஒன்றைத் தவிர வேறு ஜெபம் என் வாயில் மிச்சமில்லை. உள்ளே என் பிள்ளை கிடக்கிறாள், நான் இன்னொருத்தி பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் வயலட் அக்கா வந்தாள். யார் சொன்னார்களோ. ஒரு கால் செருப்பு வேறு, மறு கால் செருப்பு வேறு. கையில் பிளாஸ்க்கில் கஞ்சி. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஜெபிங்களேன்" என்றேன். "நல்லா சத்தமா ஜெபிங்க. வார்டு முழுக்கக் கேக்கட்டும்."

அவள் குனிந்தபடி இருந்தாள். "இல்ல பியூலா. ஜனவரில இருந்து நான் வாயத் தொறந்து ஜெபிக்கது இல்ல."

"ஏன்?"

"உனக்குத் தெரியாதா?" பிறகு மெதுவாக, "நெறைய பேரு ஆமென் சொன்னா பிள்ளைக்குப் பலம்னு நெனச்சேன் தாயி. அந்த நேரம் வேற ஒண்ணும் தோணல. ஆல்வின் அத்த ஆமென் சொல்லுத சத்தம் கேட்டதும்தான் என்ன செஞ்சேன்னு வெளங்கிச்சு. உங்கிட்ட வந்து மன்னிச்சுக்கோன்னு சொல்ல எனக்கு என்ன மொகம் இருக்கு?"

கஞ்சியை மூடியில் ஊற்றி நீட்டினாள். வாங்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டதால் மூன்றாம் ஓலை வாசிக்கப்படுமா? போதாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் போனபின் கஞ்சியைக் குடித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். நெற்றியில் தையல். இன்று வீட்டு ஜெபத்துக்குப் போகவில்லை.

டாக்டர், மருந்து எப்படியோ தவறியிருக்கிறது என்றார்.

மார்ச் 21, சனி

எப்படியோ அல்ல.

நேற்று டாக்டர், "சாப்பிடுற மாத்திரையக் காட்டுங்க" என்றார். கெசியா பையிலிருந்து ஆரஞ்சு மூடிப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது வெறும் விட்டமின்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து என் புட்டியைத் திறந்தேன். அவள் மாத்திரைகள் அதில் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே மூடி, மாத்திரை இரண்டும் ஒரே வெள்ளை. அலமாரியைத் துடைத்தபோது மாற்றி வைத்தது நான். இத்தனை நாளும் அவள் என் விட்டமினை விழுங்கியிருக்கிறாள். நான் அவள் மருந்தை விழுங்கியிருக்கிறேன். பஸ்ஸில் தலை சுற்றியதை வெயில் என்று நினைத்தேன்.

செய்முறைத் தேர்வில் அழ வைத்த அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது.

வயலட் பேசியது என் பிள்ளையின் கல்யாணத்தைத்தான் நிறுத்தியது. நான் பார்த்துக்கொண்டது அவள் உயிர்வரை போய்விட்டது. இதை எழுதியபின்னும் வயலட்மேல் உள்ள கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 26, வியாழன்

நாளைக்குக் கட்ட வெள்ளைச் சேலையைத் தேய்த்து வைத்தேன். கெசியா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கிளாடிஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போறீங்களாம்மா?"

"போகணும்லா."

"நீங்க அடுக்களைல முணுமுணுக்கது எனக்குக் கேக்கும்மா. டைட்டஸ் அண்ணன் பேரு வருது."

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"ஷைனிக்குத் தெரியாண்டாமா? ஒண்ணும் தெரியாமலே அவ கட்டிக்கிடட்டுங்கியா?"

"தெரியணும். அத டைட்டஸ் அண்ணன் சொல்லணும். என் விசயத்த நான் சொல்லியிருக்கணும். வயலட் பெரியம்மாவும் பேசினாங்க, நீங்களும் பேசினிய. நான் ஒருத்திதான் பேசல." தையலைச் சொறியப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க நாளைக்கு அதச் சொல்லிட்டா எனக்கு என்னம்மா கெடைக்கும்?"

பதில் என்னிடம் இருந்தது. உனக்கு ஒன்றும் கிடைக்காது மகளே, எனக்குக் கிடைக்கும். சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

போனேன். சொல்வதற்காகத்தான் போனேன்.

கிளாடிஸ் வீட்டு வாசலில் வயலட் அக்கா எனக்காகக் காத்திருந்தாள். கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "பியூலா, இன்னைக்கு டைட்டஸுக்காக நீ ஜெபிக்கணும். என்னால முடியாது. நீதான் ஜெபிக்கணும்."

நான் தேடி வந்ததை அவளே எடுத்து என் கையில் கொடுக்கிறாள். சரி என்றேன்.

அறை நிறைந்திருந்தது. பாட்டு முடிந்தது. வட்டம் சுற்றி வந்தது. ஒருத்தி மழைக்காக, ஒருத்தி மருமகளுக்காக, ஒருத்தி பரீட்சை எழுதிய பேரனுக்காக. எதிரே ஷைனி முறுக்கு அடுக்கிய தாம்பாளத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். என் முறை வந்தது.

"ஆண்டவரே, டைட்டஸ் தம்பிய."

பக்கத்தில் வயலட் அக்கா மூச்சை நிறுத்திவிட்டாள். அவள் முழங்கை என்மேல் பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றது. அதைச் சொல்லவிடாமல் அடக்கியது நல்ல மனது என்று எழுதினால் அது பொய். நான் சொல்லத்தான் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. அப்போது அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்தது. இதே வாக்கியம், இதே வாய், உள்ளே என் பிள்ளை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். வேறு ஏதாவது சொல்லி முடிக்கலாம் என்று தேடினேன். நல்லதாக ஒரு வார்த்தை, சும்மா ஒரு ஆசீர்வாதம். ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். ஷைனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"என்னால முடியல ஆண்டவரே" என்றேன். எனக்கே கேட்காத குரலில் வந்தது. பிறகு சத்தமாக வந்தது. "என்னால முடியல. நான் பாத்துக்கிட்டதெல்லாம் போதும். என் பிள்ளைய நீர் பாத்துக்கிடும். அவங்க பிள்ளையையும் நீரே பாத்துக்கிடும். என்னையும் பாத்துக்கிடும், நான் என்ன செஞ்சிருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

ஆமென் என்றார்கள். கெசியாவின் உடம்பை நினைத்து உடைந்துபோனேன் என்று நினைத்திருப்பார்கள். கிளாடிஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முறுக்கு நன்றாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது வயலட் அக்கா என்னோடேயே வந்தாள். தெருமுக்குத் திரும்பியதும் சொன்னாள். "நீ சொல்லிருவன்னு நெனச்சுத்தான் உன்ன ஜெபிக்கச் சொன்னேன்."

நின்றுவிட்டேன்.

"எத்தன வெள்ளிக்கெழம உன் பக்கத்துல இருந்துருக்கேன். உன் மொகம் எனக்குத் தெரியாதா? எப்பச் சொல்லுவா, எப்பச் சொல்லுவான்னு தெனம் செத்தேன் பியூலா. நீ சொல்லிட்டா கணக்குச் சரியாயிரும், ரெண்டு பேரும் பழையபடி இருக்கலாம்னு நெனச்சேன்." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லல. இனி நான் என்ன செய்ய? டைட்டஸையே போய்ச் சொல்லச் சொல்லணும். அது இதவிடக் கஷ்டம்."

"கஷ்டந்தான்" என்றேன். அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் வீட்டு வாசல்வரை போய் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

ஆரஞ்சு மூடிப் புட்டிகள் இரண்டையும் குப்பையில் போட்டேன். மாத்திரை அட்டை சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "இது யாருக்கு?" என்றாள். "எனக்குத்தான், வலிப்புக்கு" என்று கெசியா சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் நின்று கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1, புதன்

டைட்டஸ் போய்ச் சொல்லிவிட்டானாம். கிளாடிஸ் ஒரு நாள் அழுதாளாம். ஷைனி, "இப்பக் குடிக்கலைலா, சொல்லிட்டாங்கல்லா, அது போதும்" என்றாளாம். கல்யாணம் நடக்கும். வயலட் அக்கா போனில் சிரித்து அழுதாள். நல்லது அக்கா என்று வைத்துவிட்டேன்.

குடித்தவனை ஏற்றுக்கொண்டார்கள். என் பிள்ளை என்ன குடித்தாள்? ஆண்டவரே, இது என்ன நியாயம்? சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. பதில் இல்லை. ஆனால் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் தொங்கிக் கேட்டவருக்கும் அன்றைக்குப் பதில் வரவில்லை என்பது இத்தனை வருஷத்தில் இன்றுதான் உறைத்தது.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

காபி குடித்தேன். இரண்டு டம்ளர்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று டைட்டஸுக்கும் ஷைனிக்கும் முதல் ஓலை.

எங்கள் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வயலட் அக்கா இரண்டு பெஞ்சு முன்னால். குருவானவர் பெயர்களை வாசித்தார். தடை அறிந்தவர் யாராகிலும் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். அதன்பின் ஒரு அமைதி இருக்கும். சம்பிரதாயத்துக்கான அமைதிதான், யாரும் பேச மாட்டார்கள்.

அந்த அமைதியில் என் முழங்கால்கள் எழுந்துகொள்ளத் தயாராக இருந்தன. உள்ளதைச் சொல்கிறேன். வீட்டாருக்குத் தெரிந்தாலும் சபைக்குத் தெரியாதே. ஒரு சொட்டு போதும். வயலட் அக்காவின் கழுத்து விறைத்திருந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கெசியா என் கைமேல் கையை வைத்தாள். அவள் என்னைத் தேற்றினாளா, பிடித்து உட்கார வைத்தாளா, தெரியவில்லை. நெற்றியில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

குருவானவர் பக்கத்தைத் திருப்பினார். பாட்டு தொடங்கியது.

வெளியே வந்ததும் வயலட் அக்கா என்னிடம் வந்து, "வாரியா, சேந்து போவோம்" என்றாள். போனோம். வழியெல்லாம் மீன் விலையைப் பற்றிப் பேசினோம்.

இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. நீரே பார்த்துக்கொள்ளும்.